கோணல் பூ

வலது கை மட்டும் விரியவில்லை.

அம்மாவை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து பின்னறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முன்னறைக்கு எடுத்துப் போகுமுன் உடம்பைத் துடைத்து உடை மாற்ற வேண்டும். மகளும் மாடி வீட்டு அக்காவும் ஆளுக்கொரு பக்கம் நின்று அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் இடது கை, யாரோ கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதுபோல் லேசாக விரிந்து கிடந்தது. வலது கை மூடியிருந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் புதைந்திருந்தது. புறங்கையிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் வெந்நீர் பட்ட இடம் உரிந்து சிவந்திருந்தது.

ஈரத்துணியை உள்ளே நுழைக்க மகள் அந்தக் கையின் சுண்டுவிரலை மெல்ல நிமிர்த்திப் பார்த்தாள். மரக்குச்சி மாதிரி இருந்தது.

"விடும்மா. உசிரு போனா உடம்பு இப்படித்தான் இறுகிக்கும்," என்றாள் மாடி வீட்டு அக்கா.

"இந்தக் கை இறுகலையே அக்கா."

அக்கா இடது கையைப் பார்த்தாள். பிறகு, அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்பதுபோல் பவுடர் டப்பாவைத் தேடினாள்.

அவள் விடவில்லை. தன் சுட்டுவிரலைப் பக்கவாட்டில் நுழைத்து, உள்ளங்கையைப் பார்க்கும் அளவுக்கு மட்டும் அம்மாவின் விரல்களை விலக்கினாள். தண்ணீரில் ஊறிய தோல் மாதிரி வெளுத்து, மடிப்புகளில் லேசான புளிப்பு வாடையோடு இருந்தது. நகங்கள் பதிந்த இடத்தில் பிறைபிறையாகத் தழும்பு. புதிய தழும்பு இல்லை. காய்த்துப்போன, நாள்பட்ட தழும்பு. மருத்துவமனையில் இந்தக் கைக்கு முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள், அதனால் இத்தனை நாளும் அவள் பார்க்கவில்லை.

முன்னறையில் அப்பா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"எல்லாம் தேறி வந்துட்டா. கையும் சரியாயிடுச்சு. சட்டியைக் கொஞ்சம் கவனமாப் பிடிச்சிருக்கலாம். அவ்வளவுதான். கவனம் கிடையாது அவளுக்கு, எப்பவுமே."

விடிந்ததிலிருந்து இதை அவர் பலமுறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒழுங்காகிக்கொண்டே வந்தது. முதலில் சொன்னபோது நடுவில் வார்த்தை தடுமாறியது. இப்போது தடுமாறவில்லை. கேட்பவர்களும் தலையை ஆட்டினார்கள். எத்தனை ஆசையாகப் பார்த்துக்கொண்டார் மாஸ்டர், கடைசியில் ஒரு நிமிஷக் கவனக்குறைவு, என்ன செய்ய.

அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்கள் சட்டை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கத்திரி போன வழியில் நூல் பிசகாது என்பார்கள். அம்மா வீட்டில் உட்கார்ந்து அந்தக் கடைச் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பாள், கையின் ஓரம் மடித்துக் கொடுப்பாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பிளேடால் பட்டனை அறுத்து, தானே மறுபடி தைப்பார். திட்ட மாட்டார். முகம்கூடச் சுளிக்க மாட்டார். அம்மா மடித்து வைத்த துணியை உதறி மறுபடி மடிப்பார். அம்மா விரித்த படுக்கையின் ஓரத்தை இழுத்து விடுவார். அம்மா பூட்டிவிட்டு வந்த கதவை, வாசல்வரை வந்தவர் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். எதையும் செய்யாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. செய்ய விட்டு, செய்ததை இல்லாமல் ஆக்குவார். இதற்குத் தெருவில் பொறுமை என்று பெயர்.

"நான் தைச்சதுல பிரிக்காம நின்னது நீ ஒருத்திதான்டி," என்று அம்மா ஒருமுறை சொன்னாள். "உன்னையும் பிரிச்சுத் தைச்சிருப்பாரு. தையல் எங்க இருக்குன்னு தெரியல."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து அறையில் அப்பா இருந்தார்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது மகள் ஊரில் இல்லை. வேறு ஊரில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் காப்பாளராக இருந்தாள். சேதி வந்ததும் லீவு போட்டுவிட்டு வந்தாள். அம்மாவின் கால் சீக்கிரமே தேறியது. அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கைதான் வரவில்லை. மருத்துவமனையில் பிசியோ வேலை பார்த்த இளம்பெண்ணிடம் அழைத்துப் போனார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, கைப்பிள்ளைக்குப் பெயர் சொல்வதுபோல் பேசிக்கொண்டே மடக்கி நீட்டுவாள். அம்மா அவளுக்கு விரல் டீச்சர் என்று பெயர் வைத்தாள்.

விரல் டீச்சர்தான் காகிதப் பூவைக் கொண்டுவந்தாள். பந்தை அமுக்கு, மணியைக் கோர் என்றால் நோயாளிகள் நாலு நாளில் அலுத்து விட்டுவிடுகிறார்கள், பூ என்றால் செய்வார்கள் என்றாள். சுருக்கம் வைத்த மெல்லிய கலர் காகிதம், கம்பி, பச்சை டேப், பசை, மொட்டைக் கத்தரிக்கோல். புதிதாகக் கற்றுக்கொள்கிற சின்னப் பிள்ளைகள் செய்வதுதான். காகிதத்தைப் பட்டையாக வெட்டி, மடித்து, சொட்டு வடிவத்தில் இதழ் வெட்ட வேண்டும். இதழின் நடுவை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்தால் அது கிண்ணம் மாதிரி குழியும். ஓரத்தைப் பென்சிலில் சுருட்டி விட வேண்டும். பிறகு கம்பியின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, அடியில் பச்சை டேப்பை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இழுத்தால்தான் அந்த டேப் ஒட்டும். எல்லாவற்றையும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் செய்தாக வேண்டும், அதுவும் வலது கையில்.

"எப்படி வந்தாலும் அப்படியே கொண்டு வாங்கம்மா," என்றாள் விரல் டீச்சர். "எனக்குக் கோணல்தான் வேணும். எந்த இதழ் கோணுதோ அதை வச்சுத்தான் எந்த விரல்ல பலம் இல்லன்னு எனக்குத் தெரியும். அழகா இருந்தா நான் எதைப் பார்க்கிறது?"

அப்பாவும் அந்த அறையில்தான் நின்றார். ஜன்னல் திரையின் கீழோரத் தையல் ஒருபக்கமாக இறங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் பூவை அம்மா செய்து முடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. பாதியில் பசை கையில் ஒட்டி, இதழ் தாடையில் ஒட்டி, அம்மாவும் மகளும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் வந்தது பூவா என்று கேட்டால் சொல்வதற்கில்லை. கசக்கிப் போட்ட பஸ் டிக்கெட்டைக் கம்பியில் குத்தி வைத்த மாதிரி இருந்தது. அம்மா அதைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"பாரு, உங்கப்பா முகம்," என்றாள்.

அதற்குப் பிறகு லீவு முடிந்தது. பள்ளியிலிருந்து மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஒவ்வொரு நாளும் விடிந்து பார்க்கும்போது, பூக்கள் தேற ஆரம்பித்தன. முதலில் காம்பு நேரானது. பிறகு இதழ்கள் ஒரே அளவாயின. ஓரங்கள் சுருண்டன. மருத்துவமனைக்கு அம்மாவை ஏற்றி இறக்குவது பெரும்பாடு என்பதால், பழைய சட்டைப் பெட்டியில் பூக்களை அடுக்கி அப்பாவே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம் என்று வந்து சொன்னார். மகள் நம்பி ரயிலேறினாள். அவள் அங்கிருந்தபோதும் அப்பா படம் எடுத்து அனுப்பினார். ரோஜா, அல்லி, இன்னதென்று பெயர் தெரியாத அடுக்குப் பூ. போனில் அம்மாவிடம் கேட்டாள்.

"நிஜமாவே நீயாம்மா செஞ்சே?"

"நல்லா இருக்குல்ல," என்றாள் அம்மா. பிறகு, "நீ வேலையை விட்டுட்டு ஓடி வந்து நிக்காதே. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

இப்போது அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அன்றைய போன் பேச்சில் அம்மா எதற்குப் பதில் சொன்னாள், எதற்குச் சொல்லவில்லை என்பதை அவள் முதல்முறையாக யோசித்தாள்.

"உடுத்தலாமா?" என்று அக்கா கேட்டாள்.

உடுத்தினார்கள். நீளக் கை வைத்த வெளிர்சாம்பல் உடை. அப்பா வெட்டியது. மூடிய கை நுழையாமல் இடறியது. அக்கா ஓரத் தையலை ஒரு விரற்கடை பிரித்துவிட்டு நுழைத்தாள்.

*

முன்னறையில் நாற்காலிகளை ஓரமாகப் போட்டு நடுவில் அம்மாவைக் கிடத்தியபோது, மாடி வீட்டு அக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. அலமாரி மேலே சட்டைப் பெட்டிகளில் அவ்வளவு பூ இருக்கிறதே, அம்மா தன் கையால் செய்தது, அதையே சுற்றி வைக்கலாமே என்றாள். உட்கார்ந்திருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி அழுதாள். அப்பா உடனே எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நிறம். காம்புகள் எல்லாம் ஒரே நீளம்.

மகள் ஒரு பூவைக் கையில் எடுத்தாள். விடுதியில் வருடா வருடம் கைவேலைக் கண்காட்சி நடக்கும். பிள்ளைகள் வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்து வைப்பதில், எங்கே பிள்ளையின் கை நின்று எங்கே தாயின் கை தொடங்கியது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அவளை ஏமாற்றவே முடியாது என்று பிள்ளைகளிடையே பேச்சு. படத்தில் பார்த்தபோது அந்தக் கண் எங்கே போயிருந்தது? கண்ணை எங்கேயும் தேட வேண்டாம். போக வேண்டும் என்று இருந்தது, போவதற்கு ஒரு காரணம் வந்தது, அதை உற்றுப் பார்க்கவில்லை. பின்னறையில் படுத்திருந்த அம்மாவின் மூச்சிலிருந்தும், கதவை இழுத்துப் பார்க்கிற அப்பாவிடமிருந்தும் விலகி அவள் ரயிலில் ஏறியபோது மனசு எத்தனை லேசாக இருந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

விரல் டீச்சர் வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். அப்பா எழுந்து அவளை மரியாதையாக உள்ளே அழைத்தார். கூட்டத்தைப் பார்த்து, இவங்கதான் கையைத் தேத்திக் கொடுத்த டீச்சர் என்றார். அந்தப் பெண் கூச்சத்தோடு தலையைக் குனிந்தபடி வந்து அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். நீளக் கைக்கு வெளியே தெரிந்த மூடிய கையைப் பார்த்தாள். தொழில் பழக்கமாக அவள் விரல்கள் தானாகவே அதன் கீழே போயின. கட்டைவிரலின் அடிச்சதையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளங்கைக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன?" என்று மகள் குனிந்து கேட்டாள்.

"இது நேத்து வந்த விறைப்பு இல்லக்கா," என்றாள் விரல் டீச்சர், யார் காதிலும் விழாமல். "கட்டைவிரல் சதையே இல்ல, வத்திப் போயிருக்கு. இந்தக் கை எதையும் பிடிச்சே ரொம்ப நாளாயிருக்கும். இதை வச்சுக்கிட்டு எப்படி..."

அவள் கண் பூக்களின்மேல் போனது.

அந்த நேரத்தில் யாரோ நாற்காலியை நகர்த்த, கால்மாட்டில் வைத்திருந்த ரோஜா ஒன்று மிதிபட்டது. அப்பா குனிந்து எடுத்தார். நின்றவாக்கிலேயே, பக்கத்திலிருந்தவர் கேட்ட ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, காம்பின் பச்சை டேப்பை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் அவிழ்த்தார். நசுங்கிய இதழ்களை உருவி, உள்ளங்கையில் வைத்து நீவினார். இரண்டு கட்டைவிரலாலும் ஒவ்வொன்றின் நடுவையும் குழித்தார். பைக்குள் இருந்த பேனாவை எடுத்து ஓரத்தைச் சுருட்டினார். இடது கையில் கம்பி சுழல, வலது கை இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியது. டேப்பை இழுத்துச் சுற்றி, நுனியைக் கிள்ளி ஒட்டினார். ஒருமுறைகூட அதைக் குனிந்து பார்க்கவில்லை. வண்டி சாயங்காலம் வந்துடும், சொல்லியாச்சு என்று அவருடைய வாய் பதில் சொல்லி முடித்தபோது பூ முடிந்திருந்தது. பழைய இடத்தில், மற்ற பூக்களோடு வரிசை பிசகாமல் வைத்தார்.

விரல் டீச்சர் எழுந்துகொண்டாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

மகள் அவளைக் கொண்டுவிட வண்டிவரை கூடப் போனாள். வண்டியின் பக்கத்தில் நின்று, அந்தப் பெண் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். பூவை மட்டும் பார்த்துவிட்டு, இனிமேல் சின்னச் சின்னச் சமையல் வேலை செய்யலாம், அப்பதான் பழகும் என்று தான்தான் சொல்லியனுப்பினாளாம். ஒரு தடவையாவது கையைக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும், நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள், விட்டுவிட்டாளாம்.

"கோணலாவே கொண்டு வாங்கன்னு சொன்னேனேக்கா."

"சொன்னீங்க. நானும் இருந்தேன்."

"நான் உள்ள வந்து அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். நீங்க போங்க."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள். சட்டியைக் கொஞ்சம் கவனமாப் பிடிச்சிருக்கலாம். நாளைக்கு இந்த வார்த்தை தெருவுக்குப் போகும், அங்கிருந்து உறவுக்குப் போகும். இன்னும் கொஞ்ச நாளில் அம்மாவைப் பற்றி யாருக்கும் ஞாபகமிருப்பது இது ஒன்றாகத்தான் இருக்கும். கவனமில்லாதவள். நாற்பது வருஷம் அப்பா வாய் திறக்காமல் சொன்னதை, இப்போது எல்லோரும் சொல்லப்போகிறார்கள். பிரித்துத் தைக்க இனி அம்மா செய்வது எதுவும் இல்லை, அதனால் அம்மாவின் சாவையே அவர் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

*

சமையலறைக்கு அப்பா தண்ணீர் குடிக்க வந்தபோது அவள் கதவைச் சாத்தினாள்.

தரை கழுவியிருந்தது. அந்தச் சட்டியை யாரோ, அவரேதான், தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தார். மற்றப் பாத்திரங்களோடு அதன் கைப்பிடி ஒரே கோட்டில் இருந்தது.

"அந்தப் பூவெல்லாம் யாருப்பா செஞ்சது?"

அவர் டம்ளரை மேடையில் வைத்தார். கேள்வி புரியாத மாதிரி பார்த்தார்.

"உங்கம்மாதான்."

"நீங்க செஞ்சதை இப்ப பார்த்தேன்."

"மிதிச்சுட்டாங்க, சரி பண்ணினேன்."

"மத்ததெல்லாம்?"

"அவ செய்வா. நான் கொஞ்சம் சரி பண்ணுவேன். அதுல என்ன இருக்கு?" குரலை உயர்த்தவில்லை. "அவ செஞ்சதை நீ பார்த்தியா? குப்பை மாதிரி இருக்கும். அதை ஆஸ்பத்திரியில நாலு பேரு நடுவுல வச்சு, என் பொண்டாட்டி செஞ்சதுன்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு அவளைத்தானே சிரிப்பாங்க. அவ மானத்துக்குத்தான் செஞ்சேன்."

"டீச்சர் கோணலாத்தான் வேணும்னு சொன்னாங்க."

"கோணல் எதுக்கும்மா வேணும் ஒருத்தருக்கு?" என்றார். உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் எந்த ஒளிவும் இல்லை. பொய் சொன்னவரைப் பிடித்து உலுக்கலாம். இவரை என்ன செய்வது?

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லப் போறா. மொதல்ல அவ செய்வா, நான் உட்கார்ந்து பிரிச்சுக் கட்டுவேன், பார்த்துக்கிட்டே இருப்பா. அப்புறம் அவ காகிதத்தைத் தொடுறதையே விட்டுட்டா. நீங்களே செய்ங்கன்னுட்டா." நாற்காலி இல்லாததால் மேடையில் சாய்ந்துகொண்டார். "சும்மா இருக்கறதுக்கு, எனக்கும் நேரம் போச்சு. கடைசியில நல்லாத்தான் வந்துச்சு."

அவள் ஆணியில் தொங்கிய சட்டியைப் பார்த்தாள்.

"வெந்நீர் யாருக்கு வச்சாங்க?"

"எனக்குத்தான், குளிக்க. அவளே கேட்டா, வைக்கவான்னு. டீச்சர் செய்யச் சொல்லியிருக்காங்களேன்னு நானும் விட்டேன். நான் என்ன பண்ண முடியும்? டீச்சரே சொன்னதுதானே."

"டீச்சர் எதைப் பார்த்து சொன்னாங்க அப்பா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். கத்திரியைத் துணியில் வைத்துவிட்டு, கோடு தப்பாக இருக்கிறதோ என்று நிதானிக்கும்போது அவர் நெற்றியில் விழும் அந்த ஒரு மடிப்பு விழுந்தது. அது நிற்கும், வார்த்தை இப்போது வந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். தன் வாழ்நாளில் அவரிடமிருந்து அவள் இவ்வளவு ஆசையாக எதையும் எதிர்பார்த்ததில்லை. அம்மாவின் கை சரியில்லை என்று ஒரு வார்த்தை. வெளியே போய்ச் சொல்லக்கூட வேண்டாம். இங்கே, இந்தச் சட்டிக்கு முன்னால், தன்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

மடிப்பு மறைந்தது.

"இந்த நேரத்துல இதையெல்லாம் கிளறாதேம்மா," என்றார். "ஆளுங்க வந்திருக்காங்க."

கதவைத் திறந்துகொண்டு போனார். டம்ளர் இருந்த இடம் அவருக்குச் சரியாகப் படவில்லை போலிருக்கிறது, போகிற போக்கில் அதை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

*

அம்மாவை எடுத்துப்போகும் வண்டி வர இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தபோது கடை முதலாளி வந்தார். அப்பா வேலை பார்த்த சட்டைக் கடைக்காரர். பருத்த உடம்பு, நடை தளர்ந்திருந்தது, பேச்சு தளரவில்லை. நல்லதோ கெட்டதோ, எங்கே போனாலும் நாலு வார்த்தை நிறைவாகச் சொல்லாமல் வர மாட்டார். அம்மாவின் தலைமாட்டில் நின்று கும்பிட்டார். எத்தனை சட்டைக்கு இந்த அம்மா பட்டன் தைத்திருப்பார்கள் என்றார். பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, எப்படி ஆச்சு மாஸ்டர் என்று கேட்டார்.

அவள் எதிரில், சுவரோரம் நின்றிருந்தாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் தேறிட்டா முதலாளி. கை சுத்தமா சரியாயிடுச்சு. ஆஸ்பத்திரி டீச்சரே சர்ட்டிபிகேட் கொடுக்காத குறை. இப்பக்கூட வந்துட்டுத்தான் போறாங்க." இது புதிது. காலையில் இது இல்லை. "சட்டியைப் பிடிக்கிறப்போ கவனம் வேற எங்கயோ. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இந்தா, நீங்களே பாருங்க, கை எப்படி இருந்துச்சுன்னு தெரியும்."

கைக்கெட்டிய ஒரு அடுக்குப் பூவை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துணி பார்க்கிறவர் பார்க்கிற மாதிரி, பூவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, இதழின் ஓரத்தை விரலால் தடவினார்.

"அடேயப்பா. அம்மா செஞ்சதா இது?"

"இல்ல," என்றாள் அவள்.

சுவரை விட்டு நகரவில்லை. குரல் அவளுக்கே பழகிய குரலாக இருந்தது. கண்காட்சியில் பெற்றோரிடம், உங்கள் பெண் நன்றாகச் செய்திருக்கிறாள் என்று சொல்லும்போது வருமே, அந்தக் குரல்.

"அப்பா செஞ்சது. இங்க இருக்கறது எல்லாமே அப்பா செஞ்சதுதான். அம்மாவுக்குக் கை வரவே இல்ல."

மாடி வீட்டு அக்கா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பெட்டிகளையும் பூக்களையும் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. சரி செய்ய ஒரு வார்த்தையைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

முதலாளிக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. துக்க வீட்டில் மனசாரச் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று இருந்தவருக்குக் கிடைத்துவிட்டது.

"அதானே பார்த்தேன். வெட்டைப் பார்த்ததும் நினைச்சேன்யா, இது மாஸ்டர் வெட்டாச்சேன்னு," என்றார். "பிசிறு இருக்கா பாருங்க. கை அப்படியே இருக்கு உமக்கு. கொண்டாரும் இப்படி."

அப்பாவின் வலது கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். மெல்ல மேல்பக்கமாகத் திருப்பி, விரல்களை நீவி, அடுத்த நாற்காலிக்காரருக்குத் தெரியும்படி கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"இந்த வயசுல பாருங்க. துளி நடுக்கம் இல்ல."

தெருவில் அந்த வண்டி பின்பக்கமாக வாசலை நோக்கி வரும் சத்தம் கேட்டது. யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. அடுத்த நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னாலிருந்த பெண்ணும் எட்டிப் பார்த்தாள். முதலாளியின் பிடியில் அப்பாவின் கை எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அப்பா அதை இழுத்துக்கொள்ளவில்லை. அது யாருடையதோ என்பதுபோல் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.